இரும்பு என்று நான் எழுதிக் கொடுத்த பல்துண்டு

அனுப்புநர்:
லேத் பட்டறை உரிமையாளர்
(புறநோயாளி அட்டை எண் 4471),
தபால் நிலையத்தின் பின்சந்து, இரண்டாவது ஷட்டர்.

பெறுநர்:
அதிகாரி அவர்கள்,
மருத்துவக் கருவிகள் கொள்முதல் மற்றும் கண்காணிப்புப் பிரிவு,
இரண்டாம் தளம்.

பொருள்: பல் மருத்துவமனையில் எனக்குப் பொருத்திய செயற்கைப் பல்லின் நடுத்துண்டு உடைந்தது – அது இரும்பு என்று நான் எழுதிக் கொடுத்தது தவறு – அதன்பேரில் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட ஸ்டோர் கீப்பர் அம்மையாரை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டுதல் – உடைந்ததற்கு உண்மையான காரணத்தை விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது முதல் மனு, மூன்று பக்கங்கள் (மூன்று என்பதைக் கவனிக்கவும்).
2. தங்கள் அலுவலகப் பதில், அரைப் பக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனு ஆறு பக்கம் கொண்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண் போட்டுச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். பக்கங்களைக் குண்டூசியால் குத்தாமல் நூலால் தைத்திருக்கிறேன். தங்கள் அலுவலகத்தின் மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. குண்டூசியின் மீது நம்பிக்கை இல்லாததால். காரணம் ஒன்பதாம் பத்தியில் வரும்.

அம்மையார் மீதான விசாரணை வரும் 23ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு என்று அறிகிறேன். அந்த விசாரணைக்கு என் முதல் மனு ஒன்றுதான் ஆதாரம் என்றும் அறிகிறேன். ஆகவே அதற்குமுன் தாங்கள் இதைப் படித்தாக வேண்டும்.

1. நான் முப்பத்தொரு வருடமாக லேத் ஓட்டுகிறவன். எனக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் இல்லாமல் போய் நான்கு வருடம் ஆகிறது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குச் சொல் போகவில்லை, அதற்கு என் மனைவி சாட்சி, மெல்லுவதுதான் போயிற்று. சென்ற வருடம் அரசுப் பல் மருத்துவமனையில் புதிய பல் பொருத்தினார்கள். அதன் அமைப்பு இது: தாடை எலும்புக்குள் திருகுத் தண்டு ஒன்று. அதன் தலையில் ஒரு நடுத்துண்டு. நடுத்துண்டைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்க, உள்ளே ஒரு பொடி ஸ்க்ரூ. எல்லாவற்றுக்கும் மேலே பல் வடிவத்தில் ஒரு தொப்பி. அபட்மென்ட் என்று அவர்கள் சொல்வதையே நான் நடுத்துண்டு என்கிறேன். பாரமெல்லாம் அதன் தலையில்தான்.

2. நடுத்துண்டு எதனால் ஆனது என்று அன்றே கேட்டேன். வாய்க்குள் போகும் பொருளின் பெயர் தெரியாமல் வாயைத் திறக்கிற வழக்கம் எனக்கு இல்லை. மருத்துவர் பொறுமையாகவே சொன்னார்: “முன்பல்லுன்னா வெள்ளைக் கல்லு மாதிரி ஒண்ணு வைப்போம், பார்வைக்கு நல்லா இருக்கும். ஆனா அது உடைஞ்சா சொல்லாம கொள்ளாம உடையும். கடைவாய்க்கு டைட்டானியம்தான் சரி. ஆயுசுக்கும் கவல இல்ல.” ஆயுசுக்கும் உடையாத உலோகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓங்கி அடிக்கும் ஓர் அடியைத் தாங்கிவிடும் உலோகம் உண்டு. ஒரே இடத்தில் லட்சம் தடவை லேசாக ஆட்டினால் அதுவே உடையும். இருந்தும் அன்று வாயில் பஞ்சு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

3. பொருத்திய ஆறாம் மாதம் பல் ஆடுவதுபோல் இருந்தது. போனேன். “புதுசுல்ல, பழகிடும்” என்றார்கள். எட்டாம் மாதம் போனேன். தட்டிப் பார்த்துவிட்டு “ஒண்ணும் ஆடல, உங்களுக்கு அப்படித் தோணுது” என்றார்கள். பத்தாம் மாதம் போனபோது, மேசையில் இருந்தவர் என் அட்டையைப் பார்க்காமலே “சந்தேக சார் வந்துட்டாரு” என்று உள்ளே குரல் கொடுத்தார். அது எனக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. பதினோராம் மாதம், வேகவைத்த உருளைக்கிழங்கைக் கடித்தபோது நடுத்துண்டு கழுத்தோடு ஒடிந்து, தொப்பியும் பாதித் துண்டுமாகக் கையில் வந்தது. பாறையைக் கடித்தேன், எலும்பைக் கடித்தேன் என்றால் ஒத்துக்கொள்வேன். உருளைக்கிழங்கு, ஐயா. “எதையோ கடிச்சிட்டு வந்து கதை சொல்றீங்க” என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று எழுதலாம். ஆனால் அந்தப் பக்கம் கடிக்கப் பல் இல்லை.

4. உடைந்த துண்டைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கொடுத்தால் வேறு துண்டு திரும்பி வரும் என்று எண்ணினேன். அதனால் அதன் அடிப்பக்கத்தில் கீறல் ஊசியால் மூன்று புள்ளி குத்தி அடையாளம் வைத்தேன். பிறகு துடைப்புத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன். மேசை விளக்கடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரே அடியில் உடைந்த உலோகத்தின் முகம் சொரசொரப்பாக இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு மூலையிலிருந்து பிறை பிறையாகக் கோடுகள் விரிந்து, கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தது. நாள்பட ஆடி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து, மிச்சம் இருந்தது உருளைக்கிழங்குக்கு ஒடிந்திருக்கிறது. இதுவரை நான் பார்த்தது சரி. இதோடு நிறுத்தியிருந்தால் இந்த இரண்டாம் மனுவுக்கு வேலையே இருந்திருக்காது.

5. நிறுத்தவில்லை. துண்டின் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனேன். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது. இது ஓடிவந்து ஒட்டியது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஒரு வருடமாக என்னைச் சந்தேக சார் என்றவர்கள் எல்லாரும் அந்தக் காந்தத்தின் நுனியில் தொங்குவதாக நினைத்தேன். டைட்டானியம் என்று சொல்லி இரும்பை வைத்திருக்கிறார்கள், நல்ல துண்டுகளை யாரோ ஸ்டோரிலிருந்து வெளியே விற்றிருக்கிறார்கள் என்று அன்று மாலையே இரண்டு பக்கம் எழுதினேன். பல் மூன்று தடவை ஆடிய கதையை மூன்றாம் பக்கத்தில் எழுதினேன். “ஸ்டோர் பொறுப்பில் உள்ளவரை விசாரித்தால் முழுப் பூசணிக்காய் வெளியே வரும்” என்ற வாக்கியம் என்னுடையதுதான். பதினெட்டாம் நாள் தங்கள் பதில் வந்தது: ஸ்டோர் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுள்ளார். ஒரு மனுவுக்குப் பதினெட்டு நாளில் பலன் கிடைத்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறவன், தனக்குச் சாதகமாக நடந்ததை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன்.

6. பிறகு, அந்த அம்மையார் எவ்வளவு சம்பாதித்திருக்கிறார் என்று பார்க்க அவர் வீடு இருக்கும் தெருவுக்குப் போனேன். இதை மனுவில் எழுத வெட்கமாக இருக்கிறது. எதிர்வீட்டுச் சுவரோரம் நின்று, புது வண்டி நிற்கிறதா, ஜன்னலில் ஏசிப் பெட்டி இருக்கிறதா என்று நோட்டமிட்டேன். பழைய சைக்கிள் ஒன்று நின்றது. அதிலும், பழைய சைக்கிளை வேண்டுமென்றே வெளியே நிறுத்தியிருக்கிறார்களோ என்று நினைத்தேன். அதற்குள் அம்மையாரே வெளியே வந்து, “நீங்கதான அந்தப் பல்லு அண்ணன்? ஆஸ்பத்திரில பாத்திருக்கேன். வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க, உள்ள வாங்க” என்றார். அவருடைய கணவர் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான்.

உள்ளே நான் கண்டதையும் எழுதிவிடுகிறேன், அலமாரி வரை என் கண் போனது. சமையலறை அலமாரியில் ஒவ்வொரு டப்பாவின் மேலும் துண்டுக் காகிதம் ஒட்டி, வாங்கிய நாள், திறந்த நாள், தீரும் நாள் என்று எழுதியிருந்தது. சர்க்கரை, உப்பு, தீப்பெட்டி, எதையும் விடவில்லை. வீட்டு உப்புக்கே தேதி போடுகிறவர் மருத்துவமனைத் துண்டுகளை மாற்றி வைத்திருப்பாரா என்று எனக்குள் ஒரு சிறு கலக்கம் வந்தது. அம்மையார் தண்ணீர் கொடுத்தார். கோபப்படவில்லை, அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மேக்னட்ல ஒட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்களே அண்ணே, கழுவிட்டு வச்சுப் பாத்தீங்களா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முப்பத்தொரு வருடம் உலோகத்தோடு கிடப்பவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா என்று எழுந்து வந்துவிட்டேன். தண்ணீரையும் பாதிதான் குடித்தேன்.

7. ஐயா, என் சட்டைப்பையில் எப்போதும் இரும்புத் தூள் இருக்கும். பட்டறைக்காரன் எவன் சட்டைப்பையிலும் இருக்கும். துடைப்புத் துணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாயிலிருந்து வந்த ஈரத்தோடு துண்டைச் சுற்றிய துணியும், அதைப் போட்டுக்கொண்ட பையும் அவைதான். மறுநாள் காலை அதைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய பல் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். காந்தத்தை வைத்தேன். துண்டு அசையவில்லை. காந்தத்தைத் திருப்பி வைத்தேன். அசையவில்லை. பட்டறையில் இருப்பதிலேயே பெரிய காந்தத்தைக் கொண்டுவந்தேன். அதற்கும் அசையவில்லை. கழுவிய தண்ணீரின் அடியில் காந்தத்தை விட்டு எடுத்தேன். கறுப்பாக மீசை முளைத்ததுபோல் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

யாராவது துண்டை மாற்றிவிட்டார்களா என்று உடனே பார்த்தேன். அடிப்பக்கத்தில் மூன்று புள்ளியும் இருந்தன. பிறர் ஏமாற்றாமல் இருக்க நான் குத்திய புள்ளிகள், நான் தப்பித்துக்கொள்ள விடாமல் அப்படியே இருந்தன. துண்டு டைட்டானியம்தான். இரும்பு என்னுடையது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை இதுவரை பிறரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது, விட்டுவிடலாம் என்றும் எண்ணினேன், அதையும் எழுதிவிடுகிறேன். நான்காம் நாள் மனைவி கேட்டாள்: “ஊரையே சந்தேகப்படுவீங்க, இப்ப உங்களப் பாத்தாத்தான் எனக்குச் சந்தேகமா இருக்கு. என்ன பண்ணித் தொலைச்சீங்க?” சொன்னேன். எப்போதும் ஏதாவது கேலி செய்கிறவள் அன்று என் சட்டையை எடுத்து, பையை வெளிப்பக்கமாகத் திருப்பி உதறினாள். பிறகு “அந்தப் பொம்பளைக்கு எத்தன நாளா சம்பளம் இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

8. மீண்டும் அம்மையார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை தெருவில் நிற்காமல் நேரே கதவைத் தட்டினேன். பிறகு, துண்டு நல்லது என்றால் அது ஏன் ஒடிந்தது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. நடுத்துண்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ சரியாக இறுகாவிட்டால், ஒவ்வொரு கடிக்கும் துண்டு மயிரிழை அளவு அசையும். அசைந்தால் கழுத்து களைத்துப்போகும். அந்த ஸ்க்ரூவைக் கையால் இறுக்க மாட்டார்கள். டார்க் ரெஞ்ச் என்ற சாவி உண்டு. குறித்த அளவு முறுக்கியதும் அதன் கழுத்து ‘டிக்’ என்று மடங்கும், அதற்குமேல் இறுக்காது. எனக்குப் பொருத்திய அன்று அந்த டிக் சற்றுச் சீக்கிரமே கேட்டதாக இப்போது நினைவு வந்தது. முதல் மனுவில் எழுதாதது இப்போது நினைவுக்கு வந்தது என்பதால், இதைத் தாங்கள் சந்தேகிக்கலாம். நானும் சந்தேகித்தேன். ஆகவே சாவியைப் பற்றி அம்மையாரிடம் கேட்டேன்.

“அந்தச் சாவி ரெண்டு வருஷமா அளவு சோதனைக்குப் போகல அண்ணே. ஸ்பிரிங் தளந்துபோச்சு, மாத்திக் குடுங்கன்னு ஆறு தடவ எழுதிட்டேன். கிணத்துல போட்ட கல்லு” என்றார். எழுதியதற்கு அத்தாட்சி கேட்டேன். ஆறு கடிதத்தின் நகலையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் தங்கள் பிரிவின் ‘பெறப்பட்டது’ முத்திரை. முத்திரைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு முத்திரையின் தேதி, சுவரில் இருந்த காலண்டர்படி ஞாயிற்றுக்கிழமை என்று கண்டு, “இது என்ன?” என்று கேட்டுவிட்டேன். அம்மையார் அந்தக் காலண்டரைக் காட்டி, “அது இந்த வருஷத்துது. கடிதம் போன வருஷம்” என்றார். அவருடைய கணவர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

9. கேள்விப்பட்டதை எழுதி ஒருமுறை கெட்டது போதும் என்று, சாவியை நானே சோதித்தேன். மளிகைக் கடையில் முத்திரையிட்ட எடைக்கற்களை இரவல் வாங்கிக்கொண்டு, பட்டறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் சிறிய வைஸையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அதே மருத்துவர் முதலில் மறுத்தார், பிறகு, “சரி, நீங்க வச்சுப் பாக்காம விடமாட்டீங்க. எனக்கும் தெரியணும்” என்று கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் இந்த முறை கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கணக்கு எளிது: சாவியில் குறித்திருக்கும் 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்ற அளவுக்கு, அச்சிலிருந்து ஏழு சென்டிமீட்டர் தள்ளிக் கல்லைத் தொங்கவிட்டால், ஏறக்குறைய அரைக் கிலோ வந்த பிறகுதான் கழுத்து மடங்க வேண்டும். இருநூற்றைம்பது கிராமில் மடங்கியது. மூன்று முறை வைத்தோம். மூன்று முறையும் அதே. நான்காவது முறை மருத்துவரே தம் கையால் கல்லை மாட்டினார். மடங்கியது. “இதாலதான் எல்லாருக்கும் போட்டிருக்கேன்” என்றார். பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரக் கேட்டேன். “பாத்தேன். இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா எழுதித் தர முடியாது” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்த அம்மையார் எங்கே இருக்கிறார் என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது குண்டூசிக்கு வருகிறேன். என் முதல் மனுவின் முதல் இரண்டு பக்கம் ஸ்டோர் கீப்பரை நோக்கிப் போயின. பல் மூன்று தடவை ஆடியது என்ற மூன்றாம் பக்கத்தை ஒழுங்காகப் படித்திருந்தால், அது ஸ்க்ரூவுக்குப் போயிருக்கும், ஸ்க்ரூவிலிருந்து சாவிக்கு, சாவியிலிருந்து ஆறு கடிதங்களுக்கு, கடிதங்களிலிருந்து இரண்டாம் தளத்துக்கு. தங்கள் பதிலில் மூன்றாம் பக்கத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. தபால் பிரிவில் கேட்டதற்கு, “ரெண்டு பக்கந்தான் இருக்கு, பின் கழண்டிருக்கும்” என்றார்கள். கழன்றிருக்கலாம். காந்தத்தில் ஒட்டியதும் இரும்பு என்று முடிவுகட்டியவன் நான். அதனால் இம்முறை முடிவு கட்டாமல், தாங்கள்தான் விளக்க வேண்டும் என்று நிறுத்திக்கொள்கிறேன். தங்கள் மீது எனக்குச் சந்தேகம் இல்லை என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுத நினைத்தேன். பேனா வரவில்லை.

10. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது: நடுத்துண்டு இரும்பு என்ற என் குற்றச்சாட்டை நான் முழுவதும் திரும்பப் பெறுகிறேன், அம்மையாரை விசாரணைக்கு முன்பே, விடுபட்ட நாட்களையும் பணி நாட்களாகக் கருதிப் பணியில் சேர்க்க வேண்டும். அந்தச் சாவியைத் தூக்கிப் போடாமல், தொலைத்தும் விடாமல், முத்திரையிட்டு வெளியே சோதனைக்கு அனுப்ப வேண்டும். எண்ணும் அடையாளமும் குறித்து வைத்திருக்கிறேன். அதே சாவியால் இறுக்கப்பட்ட மற்றவர்களைக் கூப்பிட்டு, ஸ்க்ரூவை ஒருமுறை சரியாக இறுக்கிவிட வேண்டும். அவர்களில் ஒருவர் இன்று “ஆடுது” என்று போய், “பழகிடும்” என்று கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பார். உடைந்த துண்டு என்னிடம் இருக்கிறது. கேட்டால் தருவேன், விசாரணையில், எல்லார் முன்னிலையிலும்.

கடைசியாக ஒன்று. அம்மையாருக்கு அனுப்பிய குற்றக் குறிப்பாணையின் நகலைக் காட்டினார். அதில் ஆதாரம் என்ற இடத்தில், “முப்பத்தொரு ஆண்டு அனுபவம் வாய்ந்த உலோக வல்லுநர் ஒருவர் நேரில் சோதித்து உறுதி செய்தபடி” என்று எழுதியிருக்கிறது. அந்த வல்லுநர் நான்தான் என்பது புரிய எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. என்னை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. படித்ததும் ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தேன், எதிரே அம்மையார் உட்கார்ந்திருந்தார். 23ஆம் தேதி விசாரணையில் அந்த வரியைச் சத்தமாகப் படிப்பதற்குமுன் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் “கழுவாமல் பார்த்தவர்” என்று எழுதிக்கொள்ளலாம். நான் வந்து அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இடம்: பட்டறை
நாள்: 14, புதன்கிழமை (இந்த வருடக் காலண்டரைப் பார்த்து எழுதியது)

இப்படிக்கு,
தவறு செய்ததை ஒப்புக்கொள்ளும்,
இன்னும் சந்தேகம் தீராத மனுதாரர்
(ஒப்பம்)
லேத் பட்டறை உரிமையாளர்

இணைப்பு: கடிதங்களின் நகல் ஆறு, முதல் மனுவின் மூன்றாம் பக்கம், என் கைப்பிரதியிலிருந்து மீண்டும் ஒருமுறை.